கண்டிக் கிளையின் றூட்டரும் அன்னலட்சுமியின் கேத்தலும்

சிவமயம்

கட்டுகலை,
கண்டி.
21.03.1999

அன்புமிக்க மைத்துனர் மகேந்திரராசா அவர்கட்கு, உமது அத்தான் அம்பிகைபாகன் எழுதிக்கொள்வது.

பிள்ளையார் கிருபையால் உமது அக்கா பத்மாதேவியும் மகள் சத்தியபாமாவும் இங்கு சுகம். எனக்கும் சுகமென்றுதான் எழுதவேண்டும், ஏனென்றால் தபாலில் போடமுன் இதை உமது அக்கா வாசிப்பார். நீரும் பிள்ளைகளும் அந்தக் கனடாப் பனிக்குள் கைகால் விறைக்காமல் நலமே இருக்க வேண்டுகிறோம். போன மாதம் ரெலிபோனில் "அத்தான், உங்களைக் கொழும்புக்கு மாத்துறாங்களாமே?" என்று கேட்டீர், நான் பதில் சொல்ல வாயெடுக்க லைன் அறுந்துவிட்டது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் கண்டியிலேயே இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்ற கதையைக் கேட்டால் நீர் சிரிப்பீர். சிரியும், நானே சிரித்து முடித்துவிட்டேன்.

எங்கள் காப்புறுதிக் கந்தோரின் பெரிய கொம்பியூட்டர், மெயின்பிரேம் என்பார்கள், கொழும்பில் இருக்கிறது. கண்டிக் கிளையில் இருப்பவை அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஏழு திரைகள். நடுவில் பல வருடமாக ஒரு தனி வயர், அந்த வயருக்குப் பொறுப்பாளன் நான். தை மாதம் தலைமைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பங்குனி, அதாவது மார்ச் 13 சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பழைய வயரைக் கைவிட்டு ஐ.பி. என்ற புதிய வலையமைப்புக்கு மாறவேண்டும்; மாறமுடியாவிட்டால் கண்டிக் கணினி அறையை மூடிப் பொறுப்பாளரைக் கொழும்புக்கு எடுப்போம் என்று இருந்தது. கொழும்பு என்ற சொல்லைக் கேட்டதும் உமது அக்கா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டார். தொண்ணூற்றேழில் ஒரு கிழமை அலுவலாகப் போய் லொட்ஜில் நின்ற என்னைச் சுற்றிவளைப்பில் அள்ளிக்கொண்டு போனதும், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்ற ஒரே குற்றத்துக்காக மூன்று நாள் பொலிஸில் இருத்தி வைத்ததும், நான் கழுத்தில் கட்டிய ரையோடு சீமெந்து நிலத்தில் படுத்ததும், அவர் கண்டியிலிருந்து வந்து மூன்று நாளும் பொலிஸ் வாசலில் நின்றதும் உமக்குத் தெரியும். வெளியே வந்ததும் நான் அவரிடம் முதலில் கேட்டது என் குடை எங்கே என்று. அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

இனி றூட்டர் விஷயம். மெயின்பிரேமுக்குத் தன் பழைய பாஷையைத் தவிர வேறொன்றும் தெரியாது. புதிய பாதையிலோ ஐ.பி. என்ற உறைக்குள் போட்டு ஒட்டியது மாத்திரம்தான் போகும். ஆகவே கண்டியில் ஒரு றூட்டர், கொழும்பில் ஒரு றூட்டர். இங்குள்ளது பழைய பாஷையை அப்படியே உறைக்குள் போட்டு அனுப்ப, அங்குள்ளது உறையைக் கிழித்து எடுத்துக் கொடுக்கும், நடுவில் ஒன்று நடந்ததே மெயின்பிரேமுக்குத் தெரியக்கூடாது. அது பொறுமையில்லாத சாமான். சில விநாடிக்குள் "கிடைத்தது" என்று பதில் வராவிட்டால் கோபித்துக்கொண்டு தொடர்பை அறுத்துவிடும். அதனால் தூரத்துப் பதில் வரமுன்னமே பக்கத்திலுள்ள றூட்டர் தானாகவே "கிடைத்தது, கிடைத்தது" என்று பொய் சொல்லிச் சமாளிக்கும். நீர் ரெலிபோன் எடுக்கும்போது நான் அடுத்த வீட்டில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாலும் உமது அக்கா "அவர் குளிக்கிறார்" என்று சொல்வாரே, அதே தொழில்தான். இவ்வளவும் என் மூளை என்று நினையாதேயும். எல்லாம் ஹாஷிம் சொன்னது.

ஹாஷிம் என் உதவியாளர். அக்குறணை ஆள், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வலு கெட்டிக்காரன். றூட்டர் பயிற்சி கொழும்பில் என்று அறிந்ததும் எனக்குத் திடீரென இரத்த அழுத்தம் ஏறியதால் அவரை அனுப்பினேன். திரும்பி வந்தவர் கொப்பியைத் திறந்து எனக்குச் சொல்லித்தர வெளிக்கிட்டார். இருபத்தாறு வருட சேவைக்காரன் உதவியாளரிடம் பாடம் கேட்பதா? "தெரியும், தெரியும்" என்று தலையாட்டியே மூன்று நாளை ஓட்டினேன். எனக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும், மரியாதைக்குப் பேசாமல் இருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரே எல்லாவற்றையும் றூட்டருக்குள் எழுதி, கொழும்போடு பரீட்சித்தும் பார்த்துவிட்டு, மறுநாள் மச்சியின் கலியாணத்துக்கு லீவு கேட்டார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

"சேர், நீங்க ஒண்டையும் தொட வேணாம். ஒம்பது மணிக்கு வயர மட்டும் மாத்துங்க. அவ்வளவுதான்."

நீர் ஊரை விட்டுப் போன பிறகு இங்கு நேரமும் இரண்டாகிவிட்டது மச்சான். மூன்று வருடத்துக்கு முன் கரண்டை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டு நேரத்தை முன்தள்ளியது. இப்போது அது பழைய நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி நிற்கிறது. பஞ்சாங்கம், உமது அக்கா, அவர் சமைக்கும் குசினியின் மணிக்கூடு ஆகிய மூவரும் பழைய நேரத்தை விட்டு அசையவில்லை. நான் தினமும் அந்த மணிக்கூட்டைப் பார்த்து, மனதில் அரை மணித்தியாலம் கூட்டிக்கொண்டு கந்தோருக்கு ஓடுவேன். சனிக்கிழமை ராகுகாலம் பஞ்சாங்கப்படி ஒன்பதுக்குத் தொடங்கும். கந்தோரின் ஒன்பது பஞ்சாங்கத்துக்கு எட்டரைதான், பழுதில்லை என்று உமது அக்காவும் ஒப்புதல் தந்தார். அன்று காலை பார்த்தால் என் கைமணிக்கூடு நின்றுபோயிருந்தது. சாவி கொடுத்து, குசினி மணிக்கூட்டைப் பார்த்து, வழக்கம்போல அரை மணித்தியாலம் கூட்டி வைத்தேன். எனக்குத் தெரியாதது என்னவென்றால், இந்த மனிதன் இன்றைக்கென்றாலும் பிந்தக்கூடாது என்று உமது அக்கா விடியவே எழும்பி, மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த மணிக்கூட்டை அரசாங்க நேரத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறார். ஆக, என் கையில் கட்டியிருந்தது பழைய நேரமுமில்லை, புதிய நேரமுமில்லை, என் சொந்த நேரம்.

என் சொந்த ஒன்பது மணிக்கு, அதாவது நாட்டுக்கு எட்டரைக்கு, பிள்ளையாரை நினைத்து வயரை மாற்றினேன். ஏழு திரையும் கறுப்பு. கொழும்புக்காரர் தங்கள் றூட்டரை ஒன்பதுக்குத்தான் திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் என் கையில் ஒன்பது தாண்டிவிட்டதே! பிழை ஹாஷிம் எழுதியதில்தான் என்று முடிவு கட்டி, அவருடைய கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு தொடங்கினேன். கொழும்பு முகவரியின் கடைசி இலக்கத்தை மாற்றினேன், சரிவரவில்லை, அதற்கு முன்னைய இலக்கத்தையும் மாற்றினேன், பிறகு ஒரு வரியை அழித்தேன், அழித்ததைத் திருப்பி எழுதினால் அது வேறு மாதிரி நின்றது, அதைத் திருத்தப்போய் அடுத்த வரியும் போச்சு, சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து முகாமையாளர் அறையில் ரெலிபோன் அடித்தது. கொழும்பு எஞ்சினியர். நாங்கள் இப்போதுதான் திறந்தோம், கண்டியைக் காணவில்லையே என்றார். நிமிர்ந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். சரியாக ஒன்பது. மச்சான், என் கைமணிக்கூட்டில் ஒன்பதரை. சரியாக இருந்த ஒன்றை அரை மணித்தியாலம் பாடுபட்டுப் பிழையாக்கி வைத்திருக்கிறேன். பத்து மணி வரைக்கும் பார்ப்போம், வராவிட்டால் பழைய வயருக்குத் திரும்புங்கோ, மிச்சத்தைத் தை மாதக் கடிதத்தின்படி பார்ப்போம் என்று அவர் வைத்துவிட்டார். ஓடிப்போய் இன்னும் கொஞ்சம் பிழையாக்கிவிட்டு, ஒன்பதரைக்குத் திரும்பி வந்து அக்குறணைக் கலியாண வீட்டுக்கு அடித்தேன். எடுத்தவர் மாப்பிள்ளை வந்துவிட்டார், பிறகு எடுங்க என்று சொல்லி வைத்துவிட்டார்.

கணினி அறைக்குள் வந்தால், உள்ளே கேத்தல் கொதித்துக்கொண்டிருக்கிறது. றூட்டரில் ஒரு வெளிச்சமுமில்லை. பக்கத்தில் அன்னலட்சுமி கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிறார். வத்தேகமத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து எங்களுக்குத் தேத்தண்ணி போடுபவர்.

"அந்தப் பெட்டி பிளக்க கழட்டிட்டுத்தாங்க கேத்தல் போட்டேன். எப்பவும் இங்கதானே போடுவேன். தப்புங்களாய்யா?"

கதிரையில் விழுந்தேன். பிளக்கைத் திரும்பக் குத்தும்படி கையால் காட்டினேன். அவர் கேத்தலைக் கழற்றிவிட்டு றூட்டரைக் குத்தினார். இரண்டு மூன்று நிமிடம் அது தன்பாட்டில் கண்ணைச் சிமிட்டியது, பிறகு ஒவ்வொன்றாகப் பச்சை வெளிச்சம் விழுந்தது. வெளியே கவுண்டரில் வேலை செய்யும் றீற்றா, "சேர், லைன் வந்திட்டுது" என்றார். நேரம் பத்துக்குப் பத்து நிமிடம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. அன்னலட்சுமி தந்த தேத்தண்ணியைச் சீனி போடாமலே குடித்திருக்கிறேன், அது பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை ஹாஷிம் கதையைக் கேட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். றூட்டருக்குள் நாம் அடிப்பதெல்லாம் கரண்ட் இருக்கும்வரைதானாம். சேமி என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் நிலைக்குமாம். அவர் வெள்ளிக்கிழமை அதைக் கொடுத்திருந்தார், நான் சனிக்கிழமை கொடுக்கவில்லை. கேத்தலுக்காகப் பிளக்கைக் கழற்றியதும் என் திருவிளையாடல் முழுவதும் அழிந்து, அவர் எழுதியது திரும்பி வந்துவிட்டது. நான் ஏன் அந்தக் கட்டளையைக் கொடுக்கவில்லை என்று கேட்பீர். அது எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவரிடம் இன்னும் ஒரு பக்கம் படித்திருந்தால் நாங்கள் இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்போம்.

ஒரு கிழமையாக ஒரு குறையுமில்லை. கொழும்புக்கு அறிக்கையும் அனுப்பிவிட்டேன். உமது அக்கா இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார், என்னை ஒழுங்காக ஏசவும் செய்கிறார். சத்தியபாமா சோதனைக்குப் படிக்கிறாள். நீரும் உமது பாரியாரும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், வேலை நிலைத்து, வேளாவேளைக்கு உண்டு உறங்கிப் பல்லாண்டு வாழ எங்கள் ஆசிகள்.

இங்ஙனம்,
கண்டியை விட்டு அசையாத அத்தான்,
க. அம்பிகைபாகன்

பின்குறிப்பு: இன்று செவ்வாய்க்கிழமை. கடிதத்தை ஒட்டமுன் கொழும்பிலிருந்து பதில் வந்துவிட்டது. மேலே எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதவேண்டியிருக்கிறது. அறிக்கையில் நான் ஹாஷிமின் பெயரைப் போடவில்லை, கேத்தலையும் போடவில்லை. "பயிற்சி எதுவுமின்றித் தனியொருவனாக நின்று நிறைவேற்றினேன்" என்று எழுதிவிட்டேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, கை தன்பாட்டில் எழுதிவிட்டது. வாசித்து நன்றாக மகிழ்ந்துபோனார்களாம். மற்றப் பதினொரு கிளைகளையும் மாற்றித்தர என்னைப் பதவி உயர்வோடு சித்திரை பதினைந்தாந் திகதி முதல் கொழும்புக்கு எடுத்திருக்கிறார்கள். ஹாஷிமிடம் ஓடினேன். அவர் அந்த வேலைக்குத்தான் எவ்வளவு நாளாக ஆசைப்பட்டார் என்று அப்போதுதான் சொன்னார், ஒரு குறையும் சொல்லாமல் சொன்னார். உண்மையை எழுதலாம். எழுதினால் பொய் அறிக்கைக்கு விளக்கம் சொல்ல வரும்படி கூப்பிடுவார்கள், அதுவும் கொழும்புக்குத்தான். கடைசியில் கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை உமது அக்காவிடம் கொடுத்தேன், அறிக்கையின் பிரதியையும் கொடுத்தேன். இரண்டையும் இரண்டு தரம் வாசித்தார். ஏசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தனியச் செய்தவர் தனியவே போங்கோ. பொலிஸ் வாசலிலை இன்னொருக்கா நிக்க என்னாலை ஏலாது" என்றார்.