கீரியை உள்ளே விடாத ஃபயர்வால்

ஒரு காட்டில் சிங்கத்தின் ஆட்சி போய், அலுவலகத்தின் ஆட்சி வந்து நாலைந்து கோடை ஆகியிருந்தது. தாகம் எடுத்தால் குளத்துக்குப் போய்க் குடிக்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. எந்தக் குடும்பம் எந்த வேளையில் குடிக்கலாம் என்பது தலைமை அலுவலகத்து டேட்டாபேஸில் ஏறியிருக்க வேண்டும். ஏறாதவர்கள் கோடை முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு மற்றவர்கள் குடிப்பதை வேடிக்கை பார்க்கலாம்.

மேற்குச் சரிவுக் கிளையில் அந்தப் பதிவைச் செய்வது கீரி தவமணி. பாம்பிடமே பயப்படாதவள். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று அவளே பயந்துபோனாள். அடுத்த கோடைக்குப் பதிய அதுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு சரி. கவுன்ட்டரில் சருகுமான் செவந்தி, சரிவிலுள்ள இருபது சருகுமான் குடும்பங்களின் மனுக்களோடு காலையிலிருந்து நிற்கிறாள். கம்ப்யூட்டரோ ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறது.

தவமணி ஒயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினாள். அணைத்துப் போட்டாள். தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறதா என்று சோதித்தாள். உடனே பதில் வந்தது. ஆள் வீட்டில் இருக்கிறார், கதவுதான் திறக்கவில்லை. அப்படியானால் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வாலின் வேலைதான். அதை வைத்த முள்ளம்பன்றி ஏகாம்பரத்துக்குப் போன் போட்டாள்.

“சார், ஃபயர்வால் என்னை உள்ள விட மாட்டேங்குது.”

“அது யாரையும் விடாதும்மா. அதுக்குத்தானே வச்சிருக்கோம்.”

“போன வாரம் விட்டுச்சே சார்.”

“அப்போ கோளாறு உங்க பக்கம்தான்.”

“உள்ள விடுறவங்க பட்டியல்ல என் பேரு இருக்கு சார்.”

“பேரை யாரும்மா பாத்தா? கம்ப்யூட்டரோட நம்பரைத்தான் பாக்கும். மாத்தணும்னா எழுதிக் குடுங்க, நாப்பது நாள்ல மாத்திடலாம்.”

“இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கடைசி சார்.”

“அப்போ நாப்பது நாள் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கணும்” என்று ஏகாம்பரம் போனை வைத்துவிட்டார்.

தவமணிக்கு அழுகையே வந்துவிட்டது. வெறுப்போடு கம்ப்யூட்டரின் மேல் தலையைச் சாய்த்தாள். உளுந்து வடை வாசம் மூக்கில் ஏறியது. நன்றாக முகர்ந்தாள். சந்தேகமே இல்லை, வடைதான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூஜைக்காக எல்லாக் கம்ப்யூட்டர்களையும் வராந்தாவுக்குத் தூக்கிப்போய், துடைத்து, வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். சுண்டல் தின்று முடித்ததும், கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். பட்டை பட்டையாய்ச் சந்தனம் பூசிய பின் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? தவமணி கேன்டீனுக்கு ஓடினாள். செவந்தி மனுக்கட்டோடு பின்னால் ஓடினாள்.

கேன்டீன் கரடி மாசானம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். “வாம்மா தவமணி. காலையிலேர்ந்து டீ டோக்கன் கேட்டா இது குளத்தைக் காட்டுது.”

“அண்ணே, நகருங்க. அது என்னோடது.”

ஐந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. வடைச்சட்டிக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் தட்டிலேயே இணைப்பு கிடைத்தது. செவந்தி ஒவ்வொரு குடும்பமாக வாசிக்க, தவமணி ஏற்றினாள். இருபதாவது குடும்பம் ஏறியபோது இரண்டு நிமிடம் மீதி. செவந்தி அவளைக் கட்டிக்கொண்டு, “அக்கா, எங்க குட்டிங்க பிழைச்சுதுங்க” என்றாள். சந்தோஷத்தில் தவமணிக்கு வால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மாசானம் ஆளுக்கு இரண்டு வடை கொடுத்தார்.

மறுவாரம் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று உத்தரவுகள் வந்தன. அலுவல் நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்ததற்குத் தவமணி விளக்கம் தர வேண்டும். மேற்குச் சரிவுக் கேன்டீன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரே நாளில் நாற்பத்து மூன்று முறை டேட்டாபேஸுக்குள் நுழைய முயன்ற மர்மக் கும்பலைப் பற்றிக் கரடி மாசானம் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். அந்த நாற்பத்து மூன்று தாக்குதல்களையும் முறியடித்த முள்ளம்பன்றி ஏகாம்பரம் இன்று முதல் துணை இயக்குநர்.

நீதி: திறக்காத கதவையும் விடாமல் தட்டுங்கள், உள்ளே இருக்கும் காவல்காரருக்குப் பதவி உயர்வாவது கிடைக்கும்.