நோலன் ஹவுகன் தன் கால் வீங்குவதற்காக நின்ற போர்

மார்ச் 11, செவ்வாய். ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது: கால் வீக்கத்தை அளக்கும் பரிசோதனைக்கு, வீக்கத்தை அடக்கும் இறுக்கக் காலுறையை அணிந்துகொண்டே நோலன் ஹவுகன் போய்விட்டான்.

வாழ்க அம்மாவீரன்! மின்னசோட்டா மாநிலத்து டுலூத் நகரின் பனிகுவி வீதிகளை இருபத்தொன்பது குளிர்காலம் கண்டவன். பயிற்சிக் களத்தில் இராணுவ லாரியின் பின்கதவு இடது கெண்டைக்காலில் வீழ்ந்து, நாளத்துள் குருதி உறைந்து, அன்றுமுதல் அந்திதோறும் அக்கால் பருத்துவரக் கண்டும் வாய்திறவாத மௌனமாமலை. எப்படிவத்தையும் மும்முறை சரிபார்த்து, நான்காம் முறை ஐயுற்று, ஐந்தாம் முறை தவறாக நிரப்பும் பெருந்தகை!

படைப்பணியில் நேர்ந்த ஊனத்தை விழுக்காட்டில் அளந்து உதவி வழங்கும் அரசின் அளவுகோலோ இரக்கமற்ற தெளிவுடையது. காலை உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியுமெனில் பத்து விழுக்காடு. உயர்த்தியும் முழுதாய் வடியாதெனில் இருபது. தோளுக்கு முப்பதும் காதிரைச்சலுக்குப் பத்தும் முன்னரே பெற்றிருந்தான் நம் நாயகன். இரண்டும் சேர்ந்தால் நாற்பது என்பது பாமரர் கணக்கு. முழு மனிதனில் முப்பது போக, மிஞ்சியவனில் பத்தை எடுத்து முப்பத்தேழு என்பது அரசின் கணக்கு. அதே முறையில் காலுக்குப் பத்து சேர்ந்தால் நாற்பத்துமூன்றாகி, பத்தின் மடங்காக்க நாற்பதுக்குச் சரியும். இருபது சேர்ந்தால் ஐம்பதைத் தொடும். ஐம்பதைத் தொட்டவனுக்கு எந்நோய்க்கும் மருத்துவம் இலவசம். ஆக, ஒரு விரற்கடை வீக்கத்தில் தொங்கியது ஒரு குடும்பத்தின் நிம்மதி.

அத்தகைய பெருநாளில், மருத்துவர் வெல்டன் அம்மையார் காலுறையைக் கழற்றச் சொல்ல, இருகையாலும் பற்றி, பல்லைக் கடித்து, மலைப்பாம்பின் வாயிலிருந்து தன்னைத் தானே மீட்பவன்போல் அவன் உருவியெடுத்தபோது வெளிப்பட்டது, ஐயகோ, அணங்கின் கால் போன்ற மெலிந்த கால்!

"உயர்த்தி வச்சா வடிஞ்சிடுமா?" என்று கேட்டார் அம்மையார்.

"அவ்வளவு மோசமில்ல மேடம். வடிஞ்சிடும்."

பொய்! ஆயினும் வலி என்ற சொல்லைப் படைமுகாமில் சொன்னவன் சோம்பேறி என்றும், மின்னசோட்டாவில் சொன்னவன் அலட்டல்காரன் என்றும் பெயரெடுப்பான். இருவகைப் பயிற்சியும் பெற்ற நாவுக்கு வேறு விடை தெரியவில்லை.

காரில் காத்திருந்த மனைவி பிரிட்டா நடந்ததைக் கேட்டாள்.

"நைட்டு மூணு தலையணைல கால வச்சிட்டு முனகுறியே, அது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா? மேல போய் உண்மையச் சொல்லுய்யா!"

போனான். காலுறை அடக்கியதால்தான் வீக்கம் தெரியவில்லை என்று மட்டும் சொன்னான். மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரைக்குக் கிளம்பிடுவேன். அதுக்குள்ள வீங்குனா காட்டுங்க. கண்ணால பாக்காம நான் மாத்தி எழுத முடியாது."

மணி இரண்டு. காலுறையின்றி, தாழ்வாரத்தின் குளிர்பானப் பெட்டியருகே, களிறு கட்டிய தறியென நின்றான் வீரன். பூட்ஸ் கயிற்றால் அரைமணிக்கொருமுறை அளந்து குறிப்பேட்டில் எழுதினான். இரண்டரை: மாற்றமில்லை. மூன்று: மாற்றமில்லை, ஒருவேளை வலது காலை அளந்தேனோ? மளிகைக்கடை வரிசையில் பத்தே நிமிடத்தில் பொங்கும் அக்கால், இன்று தன் தலைவனைக் கைவிட்ட படைத்தலைவனாய் அசையாதிருந்தது.

"வீங்கு!" என்று ஆணையிட்டான் அவன், மெல்லிய குரலில்.

பிரிட்டா மேலே வந்து பார்த்தாள். "கேக்கு மாவா அது, உத்துப் பாத்தா உப்புறதுக்கு? பேசாம நில்லு. நான் வேணும்னா திட்டுறேன், சீக்கிரம் ஏறும்."

திட்டினாள். மூன்றே முக்காலுக்குக் கணுக்கால் எலும்பு மறையத் தொடங்கிற்று. நாலேகாலுக்கு, மழைக்குப்பின் ஏரிபோல் கரைததும்பி, செந்நீலம் பூத்து, தோல் பளபளக்க எழுந்து நின்றது நாள வீக்கமாம் நற்றுணை! அளவுநாடா சுற்றப்பட்டது: வலது காலைவிட இரண்டு அங்குலம் கூடுதல். கோட்டை மாட்டியிருந்த மருத்துவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, காலை மெத்தைமேல் உயர்த்திவைத்து அரைமணி காத்திருந்தார், மீண்டும் அளந்தார். அரை அங்குலமே இறங்கியிருந்தது.

"மறுபடி கேக்குறேன் நோலன். உயர்த்தி வச்சா வடிஞ்சிடுமா?"

நூறு பீரங்கிகளினும் கொடிய அக்கேள்விமுன், காது சிவக்க, மனைவியின் முழங்கை விலாவில் ஈட்டியெனப் பாய, நிமிர்ந்தான் நாளங்கெட்ட நாயகன்.

"அவ்வளவு மோச…" என்றான். நிறுத்தினான். "வடியாது மேடம். ராத்திரி பூரா வச்சாலும் வடியாது. வலிக்குது."

எழுதினார் அம்மையார். தீர்ப்பளிப்போர் வேறெங்கோ இருப்பர். அவர்கள் காணப்போவது இவர் எழுதிய இவ்வரியையே. வெற்றிமுரசு அதிர, பனிப்பொழிவு பூமாரியாய்ச் சொரிய, திசையெட்டும் புகழ் பரவ, மனைவியின் தோள்பற்றித் தேரேறச் சென்ற அம்மாவீரனின் வெற்றிக்கால் பூட்ஸுக்குள் நுழையவில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு வேலையிடத்துக்குப் போன் செய்து லீவு சொல்ல வேண்டும்.