மூன்றாம் நம்பர் கேபிளும் ஆவணி முகூர்த்தமும்

மரக்காணம்,
21-5-2005

மதிப்பிற்குரிய சம்பந்தி சகாதேவன் அவர்களுக்கு உப்பளம் காசிலிங்கம் வணங்கி எழுதுவது. இங்கு நானும் ஜெயாவும் மகள் நிவேதாவும் சுகம். வானூரில் தாங்களும் வீட்டாரும் சுகந்தானே? சுகமில்லாதது எங்கள் நெட் சென்டர் ஒன்றுதான். அதற்குக் காரணம் தங்கள் மகன்.

ஆவணியில் நிவேதாவுக்குத் தாலி கட்டப்போகிற ராஜவேல், தானே வந்து ஆறு கம்ப்யூட்டருக்கும் கேபிள் இழுத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை, அதுவும் ராகுகாலம். வேணாம் மாப்ளேன்னு சொன்னேன், கேட்கவில்லை. அன்று முதல் வெள்ளிக்கிழமை ஆனால் லைன் போய்விடுகிறது. கேபிளை ஆட்டினால் வருது, கையை எடுத்தால் போயிடுது, அதனால ஜெயா மூன்றாம் நம்பர் கேபிளைப் பிடிச்சிக்கினே உட்கார்ந்திருக்கா, வீட்டுல சோறாக்க ஆளில்லை. நேற்று கூனிமேட்டிலிருந்து ப்ளஸ் டூ மார்க் பார்க்க வந்த பெண், நம்பர் அடித்ததும் லைன் போய், பாஸா ஃபெயிலா தெரியாமல் அழுதுகொண்டே பஸ் ஏறியது. எனக்கு மானமே போச்சு.

போன் போட்டால், முனையைக் கழட்டிப் பாருங்க மாமா என்கிறார். பார்க்காமலா இருக்கேன்? இருபது வருஷமா உப்புக்காத்துல பம்ப் மோட்டார் ஓட்டுறவன் நான். வெள்ளிக்கிழமைதோறும் பூஜை முடிஞ்சி மோட்டார் நட்டுக்கு கிரீஸ் வைக்கிற கையோட, பன்னிரண்டு கேபிள் முனையையும் கழட்டி, ஆளுக்கு ஒரு விரல் கிரீஸ் அப்பித்தான் திரும்பச் சொருகுறேன். துரு கிட்ட வருமா? ஆறு கம்ப்யூட்டரைச் சேர்த்துவைக்கத் தெரியாதவர் என் பெண்ணோடு எப்படிக் குடும்பம் நடத்துவார்? ஆகவே ஆவணி முகூர்த்தத்தை நிறுத்திவிடலாம் என்று மனவருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டாருக்கு என் வணக்கம். ராஜவேலுக்கு வேறு நல்ல இடம் அமைய பிரம்மதேசம் கோயிலில் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காசிலிங்கம்

பி.கு: ஒட்டுவதற்குள் நிவேதா இதைப் படித்துவிட்டாள். நேரே நெட் சென்டருக்குப் போனாள். பழைய முனைகளை நறுக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினாள், அவை சொருகும் துளைகளைத் துணியால் துடைத்தாள். ஆறும் ஓடுகிறது. நேற்று குறித்துவைத்த நம்பரை அடித்துப் பார்த்தோம்: கூனிமேட்டுப் பெண் பாஸ், ஆயிரத்து முப்பத்தெட்டு. பிறகுதான் வாயைத் திறந்தாள்: "அப்பா, கிரீஸ் நட்டு போல்ட்டுக்கு. இதுல கரண்ட்டு போவணும்."

கடிதத்தைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. "அனுப்புங்க. எந்த வீட்டுல பொண்ணு எடுக்கறோம்னு அவங்களுக்கும் தெரியட்டும்" என்கிறாள். எனவே அனுப்பியிருக்கிறேன். முகூர்த்தம் முகூர்த்தமாகவே இருக்கட்டும். மாப்பிள்ளையிடம் மட்டும் காட்டவேண்டாம் என்று எழுதலாமென்றால், அவள் போனில் முழுக்கப் படித்துக் காட்டிவிட்டாள். அவர் சிரித்தது அடுப்படியிலிருந்த ஜெயாவுக்கே கேட்டதாம்.