சொன்னால் வருகிற சிங்கு

பூதலூரில் பொய்யே சொல்லாமல் காலம் தள்ளிய ஒரே ஆசாமி டிராக்டர் சிங்குதான். தமிழ் சரியாகத் தெரியாததும் அதற்கு ஒரு காரணம்.

ஆட்சி மாறி, சுவரெல்லாம் 'இந்தி ஒழிக' என்று எழுதியிருந்த சமயம். எங்கள் ஊர் மிராசுதார் டிராக்டர் வாங்கினார். அதைப் பழுது பார்க்கத் தாடியும் தலைப்பாகையுமாகப் பஞ்சாபிலிருந்து வந்து இறங்கினார் சிங்கு. எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த டிராக்டர் கொட்டகைதான் அவருக்கு ஜாகை. அந்த 'ஒழிக'வுக்குக் கீழேயே கட்டிலைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார்.

பாவம், பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. யாராவது எட்டிப் பார்த்தால் விடமாட்டார். இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். வந்தவர் நம் வழக்கப்படி, "வர்றேங்க" என்று சொல்லிக் கிளம்புவார். வினையே அங்கேதான். சிங்கு அடுப்பை அணைக்காமல், பால் சுண்டச் சுண்ட வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் உள்ளூர்ப் பள்ளி வாத்தியார். அதனால் பஞ்சாயத்து என்னிடம் வரும்.

"மாஸ்டர்ஜி, போஸ்ட்மேன் வர்றேன் சொல்லிச்சு. வரலே. ஏன்?"

"அது சும்மா சொல்றதுங்க சிங்கு. போறேன்னு சொன்னா அபசகுனம். அதனால வர்றேன்னு சொல்லிட்டுப் போவோம்."

"அப்போ ஊர் பூரா பொய்யா?" அவர் முகம் வாடிவிட்டது. பிறகு மார்பில் தட்டிக்கொண்டார். "நான் வர்றேன் சொன்னா, வரும்!"

அன்றிலிருந்து மளிகைக் கடையில் மிளகாய் வாங்கினாலும் "போறேன்!" என்று கர்ஜித்துவிட்டுத்தான் கிளம்புவார். அவர் தலை மறைந்ததும் கடைக்காரர் கற்பூரம் கொளுத்துவார்.

டிராக்டர் வந்துவிட்டதால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று விவசாயத் தொழிலாளர்கள் பயந்தார்கள். நியாயமான பயம். ஒரு நாள் கொடியோடு வந்து கொட்டகையை வளைத்துக்கொண்டு, "வண்டிய நிறுத்தலேன்னா நாளைக்கும் வருவோம்!" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் வந்தும்விட்டார்கள். சிங்கு அண்டா நிறைய டீயோடு காத்திருந்தார். "இந்த ஊர்லே நீங்க மட்டும்தான் சொன்னா வருது!" என்று முன்னால் நின்றவரைக் கட்டிக்கொண்டார். கோஷம் போட வந்தவர்கள் டம்ளரும் கையுமாகத் திருதிருவென்று விழித்தார்கள்.

அந்த வருஷம் அறுவடைக்கு முன்னால் என் அம்மா இறந்துபோனாள். வீட்டில் இருந்ததே நாங்கள் இருவர்தான். சாவு வீட்டில் மட்டும் யாரும் 'வர்றேன்' சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். இதை நான் சிங்குவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே நின்று, "மாஸ்டர்ஜி, நாளைக்கு வர்றேன்!" என்றார்.

என் பெரியப்பா பதறிவிட்டார். "அய்யய்யோ, எழவு வீட்டுல அப்படிச் சொல்லாதீங்க!"

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமலே போனார்கள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சிங்கு மட்டும் தினமும் சாயங்காலம் டீயோடு வந்தார்.

"என் அம்மா தூரம் இருக்கு. உங்க அம்மாவும் தூரம் போயிடுச்சு" என்றார் ஒரு நாள். மற்றபடி டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எழுந்திருக்கும்போது "நாளைக்கு வர்றேன்" என்பார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த வருஷத்தைத் தாண்டினேன்.

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மிராசுதார் நிலத்தையும் டிராக்டரையும் விற்றார். சிங்குவுக்கு வேலை போயிற்று. ரயிலேற்றிவிடப் போனேன்.

"போறேன், மாஸ்டர்ஜி."

"வர்றேன்னு சொல்லுங்க, சிங்கு."

"வர முடியாது. பொய் சொல்ல மாட்டேன்."

வண்டி நகர்ந்தது. நான் நின்ற கோலத்தைப் பார்த்தாரோ என்னவோ, கதவோரம் தொங்கிக்கொண்டு பிளாட்பாரம் அதிரக் கத்தினார்.

"மாஸ்டர்ஜி, வர்றேன்!"

பூதலூரில் சிங்கு சொன்ன ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னார். நானும் வெகுநாள் வரைக்கும் சாயங்காலமானால் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.