மரியாதைக் கை

மனிதகுலத்தின் மாபெரும் சாதனை நெருப்பு அல்ல; சக்கரமும் அல்ல. அவையெல்லாம் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த அற்ப வேலைகள். யாருக்கும் பயன்படாத ஒரு பொருளைப் பெரும் விலை கொடுத்து வாங்கி, கண்ணாடி அலமாரியில் வைத்து, அதன்மேல் தூசி படியவிட்டு, அந்தத் தூசியை மெல்லிய துணியால் துடைக்கிறோமே, அதுதான் நாகரிகத்தின் சிகரம். அந்தச் சிகரத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நம் மணிக்காரர்.

பிழைப்புக்கு அவர் குடிநீர் மீட்டர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். புகழுக்கு, மேசை மணி சேகரிப்பவர். அதிகாரிகள் பியூனைக் கூப்பிட உள்ளங்கையால் தட்டுவார்களே, அந்தப் பித்தளை மணிகள். வீட்டில் மொத்தம் இரண்டு அறைகள். ஒன்றில் மணிகள் வசதியாக இருந்தன. இன்னொன்றில் மணிக்காரரும் மனைவியும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். மனைவியின் தையல் மிஷின் சமையலறையில், அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே நின்றது. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். எண்ணெய் தெறித்தால் ஏதோ ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் புள்ளி விழும். அதை எலுமிச்சை தேய்த்துப் போக்குவது அவருடைய கூடுதல் தொழில்.

தெருமுனையில் கடிகாரம் பழுது பார்ப்பவர் காலி செய்த கடை ஒன்று இருந்தது. சின்னக் கடைதான், ஆனால் அடுப்பு இல்லாத கடை. மிஷினை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும் என்று மனைவி வெகுகாலமாக ஆசைப்பட்டார். இரண்டு பேரும் சேர்ந்து முன்பணத்துக்குச் சேமித்தார்கள். தேவையான தொகை ஒருவழியாகச் சேர்ந்தது. சேர்ந்த அதே வாரத்தில்தான் ஏல அறிவிப்பும் வந்தது.

ஏலத்துக்கு வந்தது சாதாரண மணியா? எப்போதோ கலைக்கப்பட்ட ஒரு துறையின் தலைமை அதிகாரி, பதவிக்காலம் முழுவதும் தட்டிய மணி. அவர் தட்டி ஒரு தடவைகூட எவரும் வந்ததில்லை என்பது அதன் தனிச்சிறப்பு. அங்கே வேலை பார்த்த பியூனே அதற்கு எழுத்துமூலம் சான்று கொடுத்திருந்தார். ‘மணிச் சத்தம் தெளிவாகக் கேட்கும். நான் போனதில்லை’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அரசு நிர்வாக வரலாற்றில் இதைவிட நம்பகமான ஆவணம் கிடையாது.

“அந்த மணி மட்டும் வந்துட்டா எங்க சேகரிப்போர் கழகத்துல என்னை அடிச்சுக்க ஆளே இல்ல” என்றார் மணிக்காரர்.

மனைவி சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தவில்லை.

“உங்க இஷ்டம்.”

இந்த இரண்டு சொற்களைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய கணவன் இன்னும் பிறக்கவில்லை. மணிக்காரரும் தூங்கவில்லை. ஆனால் ஏலத்துக்குப் போனார். முன்பணத்தை வைத்துக்கொள்ள மனைவியே ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தார். பாரத்தில் கிழிந்துவிடக் கூடாது என்று அடியில் இரட்டைத் தையல் வேறு போட்டிருந்தார். அந்தத் தையல் மணிக்காரரிடம் ஏதோ சொல்லப் பார்த்தது. இலட்சியவாதிகள் தையலுக்குக் காது கொடுப்பதில்லை.

இங்கே ‘அரும்பொருள் சேகரிப்போர் கழகம்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். தலைவர் ஒரு பல் மருத்துவர். சாவி தொலைந்த பூட்டுகளைச் சேகரிப்பவர். செயலாளர் அம்மா, பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். முள் உடைந்த தராசுகள் அவருடைய துறை. பொருளாளர் மளிகைக்காரர், குடைக் கைப்பிடிகளை மட்டும் சேர்ப்பார், குடை கூடாது.

இவர்கள் உலகுக்கு அளித்த கொடை ‘மரியாதைக் கை’ என்னும் பண்பாடு. ஏலத்தில் ஓர் அரும்பொருள் சல்லிசாகப் போய்விட்டால் அந்தப் பொருளுக்கு மட்டுமா அவமானம்? அது மாதிரிப் பொருளை வீட்டில் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அவமானம். ‘இதுக்குப் போயா அவ்வளவு கொடுத்தீங்க?’ என்று வீட்டில் கேட்டுவிடுவார்களே! ஆகவே, வாங்கும் எண்ணம் துளியும் இல்லாத உறுப்பினர்களும் ஆளுக்கு நாலு தடவை கையைத் தூக்கி விலையை ஏற்றிவிட்டு, கௌரவமாக இறக்கிக்கொள்வார்கள். வாங்க வந்தவர் ஏறிய விலைக்கு வாங்குவார். எல்லோரும் அவருக்குக் கைகொடுத்து வாழ்த்துவார்கள். இதில் சதி எதுவும் இல்லை. தூய பண்பாடு.

ஏலக்கூடத்தில் மின்விசிறிகள் சத்தம் மட்டும் போட்டன. ஏலக்காரர் மணியை மேசைமேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். சான்றில் கண்டபடியே எவரும் வரவில்லை. கூட்டம் மெய்மறந்து கைதட்டியது.

மணிக்காரர் கையைத் தூக்கினார். உடனே தலைவர் தூக்கினார். செயலாளர் அம்மா தூக்கினார். பொருளாளர் இரண்டு கையையும் தூக்கினார்; அவருக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். மணிக்காரர் மறுபடி தூக்கினார். மடியில் இருந்த பை கால்வாசி போனது, பாதி போனது, முக்கால்வாசியும் போனது. கடையின் ஷட்டர் கண்முன்னே மெல்ல மெல்ல இறங்கியது.

இவ்வளவு கைகள் ஏறி இறங்குவதைப் பின்வரிசையில் ஒருவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். டைல்ஸ் கடைக்காரர். கடைக்குப் பழைய மர பீரோ வாங்க வந்தவர். இத்தனை பெரியமனிதர்கள் முட்டி மோதுகிறார்கள் என்றால் விஷயம் இல்லாமலா இருக்கும் என்று அவரும் தூக்கினார். தூக்கிய கையை இறக்கத் தெரியவில்லை.

பை முழுவதும் தீர்ந்த இடத்தில் மணிக்காரர் நின்றார். இன்னும் ஒரே ஒரு தடவை தூக்கினால் மணி அவருடையது. அலுவலகச் சங்கத்தில் கடன் வாங்கிக்கொள்ளலாம். தலைவர் திரும்பிப் பார்த்து ‘உம்’ என்று புருவத்தை உயர்த்தினார். மணிக்காரரின் கை எழுந்தது. தோள்வரை வந்தது. காதுவரை வந்தது. அங்கேயே நின்று காதைச் சொறிந்தது.

“ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!”

அந்த நொடியில் மணிக்காரருக்கு ஏற்பட்டதைக் கழக விதிகளின்படி ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே நடந்தது வேறு. நாள் முழுக்கப் போட்டிருந்த இறுக்கமான ஷூவைக் கழற்றிய மாதிரி இருந்தது. பை மடியில் கனத்தது. அந்தக் கனம் அத்தனை சுகமாக இருந்தது. சந்தோஷத்தில் கண்ணில் நீர் முட்டியது. செயலாளர் அம்மா பதறிப்போய் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“மனசை விட்டுடாதீங்க.”

டைல்ஸ் கடைக்காரருக்கு வாழ்த்துச் சொல்லப் போனார் மணிக்காரர். வென்றவரின் கை ஜில்லென்று வேர்த்திருந்தது.

“சார், இத வச்சு என்ன செய்யணும்?”

“துடைக்கணும்.”

“அப்புறம்?”

“மறுபடியும் துடைக்கணும்.”

வீட்டுக்கு நடந்தே போனார். கதவைத் திறந்த மனைவி முதலில் பையைத்தான் பார்த்தார்.

“போயிடுச்சு” என்றார் மணிக்காரர்.

“எது? பணமா?”

“மணி!”

மனைவி உள்ளே போனார். டீ போட்டார். அன்றைய டீயில் சர்க்கரை தாராளமாக இருந்தது. திங்கட்கிழமை போய்த் தெருமுனைக் கடையின் சொந்தக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிடுவது என்று முடிவானது. கடைப் பெயர்ப் பலகைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பேசினார்கள். மணிக்காரர் பச்சை என்றார். மனைவி நீலம் என்றார். நீலம் என்று ஒருமனதாகத் தீர்மானமானது. கல்யாணமான புதிதில் பேசியதற்குப் பிறகு அவர்கள் இவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் கழகத்துக்கு இழுக்கு. சனிக்கிழமை மாலை, பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் அவசர அனுதாபக் கூட்டம் கூட்டப்பட்டது. சொத்தைப் பல் படத்துக்குக் கீழே மணிக்காரரை உட்காரவைத்தார்கள். இரண்டு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். தலைவர் பேசும்போது குரல் தழுதழுத்தது. பொருளாளர் பேச முடியாமலே உட்கார்ந்துவிட்டார். எல்லோர் கண்ணும் மணிக்காரர் மேல் இருந்தது. இவ்வளவு பேர் அழும்போது சம்பந்தப்பட்டவர் ‘ஜம்’மென்று இருப்பது அவருக்கே உறுத்தியது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்தார்.

“எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு வருத்தமே இல்ல. சொல்லப்போனா நிம்மதியா இருக்கு. ரொம்ப சந்தோஷமா இருக்கு.”

செயலாளர் அம்மாவின் பேனா நின்றது. தலைவர் மெதுவாக எழுந்து வந்து, மணிக்காரரின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

“அதிர்ச்சி” என்றார். “என்கிட்டேயே பல் புடுங்கினதும் சில பேரு சிரிப்பாங்க. வலி இன்னும் மூளைக்குப் போய்ச் சேரலைன்னு அர்த்தம்.”

“இல்லைங்க தலைவரே, நெஜமாவே—”

“பாருங்க, பேச்சு குழறுது.”

“நான் நல்லாத்தான்—”

“நல்லாத்தான் இருக்கேன்னு எல்லாரும் சொல்றதுதான்” என்றார் செயலாளர் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லிட்டே இருந்தாரு.”

மணிக்காரர் எவ்வளவு மறுத்தாரோ அவ்வளவுக்கு நோய் முற்றியிருப்பது தெளிவானது. கூட்டம் ஒரு வரலாற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. ‘துயரத்தால் நிலை தடுமாறியுள்ள உறுப்பினரின் நலன் கருதி, மேற்படி மணியை வென்றவரிடமிருந்து எப்பாடுபட்டாவது மீட்பது, செலவில் பாதியைக் கழகமும், மீதியை மகிழ்ச்சியுடன் உறுப்பினரும் ஏற்பது.’ மகிழ்ச்சி என்ற சொல் அங்கே மட்டும் நோயாகக் கருதப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கழக நிர்வாகிகள் மூன்று பேரும் மணிக்காரர் வீட்டு வாசலில் நின்றார்கள். தலைவர் கையில், சிவப்புத் துணி சுற்றிய மணி.

“அந்த மனுஷன் கடவுள்” என்றார் பொருளாளர். “வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே, வாங்கின விலைக்கே கொடுத்துட்டாரு. ஆட்டோ கூலியும் அவரே கொடுத்தாரு. நாங்க திரும்பி வந்துடுவோமோன்னு தெருமுனை வரைக்கும் கூடவே ஓடி வந்தாருன்னா பாத்துக்குங்க.”

“இந்தாங்க” என்றார் தலைவர். “உங்க பங்கை மட்டும் கொடுத்துட்டீங்கன்னா நாங்க கிளம்பிடுவோம்.”

மனைவி சமையலறை வாசலில், வாயில் ஊசியோடு நின்றார். பீரோவில் துணிப்பை இருந்தது. அதில் கடை இருந்தது, நீலப் பலகை இருந்தது. மறுநாள்தான் திங்கட்கிழமை.

மணிக்காரர் மணியைப் பார்த்தார். பித்தளை வெயிலில் பளபளத்தது. வலது கை தானாக எழுவதை உணர்ந்தார். பழக்கம் அப்படி. மனைவியும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் முழு பாரத்தையும் போட்டு அமுக்கிக்கொண்டார்.

“வேணாம் தலைவரே.”

“இன்னும் அதிர்ச்சி தெளியலையா?”

“தெளிஞ்சிடுச்சு. அதனாலதான் வேணாங்கிறேன். அந்தப் பணம் இவ கடைக்கு.”

இப்படியொரு வாக்கியம் கழகத்தின் காதில் இதுவரை விழுந்ததே இல்லை. தலைவர் கொஞ்ச நேரம் மணியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். எடை கூடிக்கொண்டே போன மாதிரி இருந்தது.

“சரி, பரவாயில்ல. அரும்பொருள் அநாதையா நிக்கக் கூடாது. செயலாளர் அம்மா வச்சுக்கட்டும்.”

“ஐயய்யோ, நானா? என் வீட்ல தராசுக்கே இடம் இல்ல. மருமக ஏற்கெனவே முணுமுணுக்கிறா. பொருளாளர்தான் ரெண்டு கை தூக்கினாரு!”

“அது மரியாதைக்குத் தூக்கினதும்மா! வீட்டுக்குக் கொண்டுபோனா என்னையும் சேத்து வெளிய வச்சுடுவாங்க. தலைவர் பெரிய வீடு கட்டியிருக்காரு...”

“கட்டினது நான். இருக்கிறது பூட்டுங்க. நானே ஆஸ்பத்திரி நாற்காலியிலதான் படுக்கிறேன்” என்றார் தலைவர். பிறகு பதவிக்குரிய கம்பீரத்தோடு தொண்டையைச் செருமினார். “முறைப்படியே கேட்டுடறேன். இது யாருக்கு வேணும்?”

கழகத்தின் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு கைகூட எழவில்லை. செயலாளர் அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். பொருளாளர் கையைக் கட்டிக்கொண்டார். தலைவருக்கு அந்த வசதியும் இல்லை. மணி அவர் கையில் இருந்தது. அவரவர் வீட்டு அலமாரிகள் அவரவர் கண்முன்னே வந்து போயிருக்க வேண்டும். மூன்று முகங்களும் ஒரே மாதிரி வாடிப்போயின.

மனைவி வாயிலிருந்த ஊசியை எடுத்தார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“யாருக்குமே வேணாம்னா, அன்னைக்கு எதுக்குங்க அத்தனை பேரும் கையைத் தூக்குனீங்க?”