கிளிக்கு நண்டு ஊட்டியவள்

எங்கள் வீட்டில் ராஜபோகமாகச் சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் இறக்கை உண்டு, தலையில் கொண்டை உண்டு, என்மேல் மரியாதை மட்டும் கிடையாது. காக்டெயில் கிளிகள். (பச்சைக்கிளி வளர்த்தா கேஸாம். அதனால இந்த மஞ்ச மூஞ்சிங்க.) என் மருமகள் பவானி ஆசையாக வாங்கி வந்தாள்.

இதுகளுக்குத் தினமும் வேறு வேறு சாப்பாடு வேண்டுமாம். நேற்று வைத்தது இன்று ஆகாதாம். ஒருநாள் கீரை, ஒருநாள் கேரட், ஒருநாள் முளைகட்டின பயறு, ஒருநாள் பழம். என்னைக் கட்டிக்கொண்டவர் நாற்பது வருஷம் மீன்குழம்பையே சாப்பிட்டார். ஒரு குறை சொன்னதில்லை.

பவானி ஆரம்பாக்கத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்கு நாலு நாள் கிளம்பினாள். எனக்கு எழுத்து தெரியாது என்று அலமாரிக் கதவில் நாலு வட்டம் போட்டுக் கலர் அடித்தாள். பச்சை என்றால் கீரை, ஆரஞ்சு என்றால் கேரட். சிவப்புக்கும் ஏதோ சொன்னாள். எனக்கு அடுப்பில் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது.

"அத்தே, மீனு, எறா, நண்டு மட்டும் கண்ணுல காட்டிடாத. அதுங்களுக்கு ஆவாது."

"நா இன்னா சின்னப் புள்ளையா? போய்ட்டு வா."

முதல் இரண்டு நாள் ஒழுங்காகப் போனது. மூன்றாம் நாள் சிவப்பு. கூடையில் சிவப்பாகக் கிடந்தது பீட்ரூட். துருவி வைத்தேன், மிச்சமில்லாமல் தின்றன. அன்றைக்குப் பார்த்து மதியம் நண்டுக் குழம்பு. இரண்டும் கொண்டையைத் தூக்கிக்கொண்டு என் தட்டையே பார்த்தன. மீன்பிடிக்கிறவன் வீட்டில் வளர்ந்துவிட்டு நண்டு ருசி தெரியாமல் போகலாமா? மனசு கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு துணுக்கு.

கொஞ்ச நேரம் கழித்துக் கூண்டுத் தட்டைப் பார்த்தால் எச்சமெல்லாம் ரத்தச் சிவப்பு. நண்டு ஓடு குத்திக் குடல் கிழிந்தேவிட்டது என்று உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு தேவி எட்டிப் பார்த்தாள். "ஐயோ ஆயா, ரத்தமா போவுதே. இன்னா குடுத்த?"

"கீரை தான்டீ."

போன் போட்டாள். பவானி அழுதுகொண்டே, "பொன்னேரி டாக்டருகிட்ட எடுத்துனு வா, நா ட்ரெயின் புடிச்சு வந்துடறேன்" என்றாள்.

பஸ்ஸில் நான் மூக்கைச் சிந்துவதைப் பார்த்து ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்தார். எனக்கில்லை, கூண்டுக்கு. கிளிகள் வழியெல்லாம் விசில் அடித்தன. சாகப்போகிற கிளி விசில் அடிக்குமா என்று யோசிக்கிற புத்தி எனக்கு ஏது?

டாக்டர், "என்னம்மா குடுத்தீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ட்ரெயினில் வந்து சேர்ந்திருந்த பவானியின் கலங்கின கண்ணைப் பார்த்தேன். மடை திறந்துவிட்டது.

"நண்டு குடுத்துட்டேன் சார். இன்னிக்கு மட்டும் இல்ல, போன வாரம் எறா. பொங்கலுக்கு வஞ்சிரம். பவானி, நீ தேடுனியே மஞ்சப் பொடவ, அத உன் நாத்தனாருக்குத் தூக்கிக் குடுத்ததும் நாந்தான்."

(எழுதிக்கொண்டிருக்கிற பேத்தி சிரிக்கிறாள். எழுதுடீ.)

டாக்டர் தட்டைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். "பீட்ரூட் ஏதாவது வெச்சீங்களா?"

"செவப்பு வட்டத்துக்கு அதான வெச்சேன்."

"செவப்புன்னா மாதுளை, அத்தே" என்றாள் பவானி.

"இது ரத்தமில்லம்மா, பீட்ரூட் சாயம். நாளைக்குத் தெளிஞ்சிடும். கிளிங்க நல்லா இருக்கு. குழம்பு நண்டு மட்டும் இனிமே வேணாம், உப்பும் காரமும் ஆகாது."

பவானி கூண்டைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் மெதுவாகத் திரும்பினாள்.

"அந்த மஞ்சப் பொடவ பத்தி இன்னா சொன்ன அத்தே?"

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் யாரும் தேடுவதில்லை. பவானி ஒரு பீட்ரூட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்காருவாள். போன மாசம் பால்கோவா விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது.