பூண்டுமேட்டு நேரக்குறைப்பு மகோற்சவம்

சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்து மனிதகுலம் செய்த மகத்தான சாதனை எதுவென்றால், பூண்டுமேட்டுக்குச் சாலை போடாமல் விட்டதுதான். மற்ற ஊர்க்காரர்கள் அவசரப்பட்டுத் தார் ஊற்றிக் கெட்டுப்போனார்கள். பூண்டுமேட்டை ஆண்டவர்கள் அந்தத் தவறை ஒருமுறைகூடச் செய்யவில்லை.

வட்டவடைக்கு அப்பால், ஜீப்பே மூச்சுவாங்கி நின்றுவிடுகிற முக்கிலிருந்து ஒரு பாதை மேலே பூண்டுமேட்டுக்கு ஏறும். அதன் உச்சியில் கேரட்டும் பூண்டும் போடுகிறவன் லோகேஷ். அவன் மனைவி இந்துவுக்குப் பிரசவ மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. வலி எடுத்தால் ஜீப் முக்குக்கு இறங்குவதற்குள் என்ன ஆகுமோ என்று அவனுக்குத் தூக்கமே போயிற்று. குறைதீர்க்கும் அதாலத்தில் போய்க் கைகூப்பினான்.

"சார், மேலருந்து முக்குக்கு வர ரொம்ப நேரமாகுது. அந்த நேரத்தை எப்பிடியாச்சும் குறைச்சுக் குடுங்க."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். "சமயம் குறைக்கணம், அத்ரயல்லே?" என்று, நேரம் குறைந்தால் போதும் அவ்வளவுதானே என்பதை மலையாளத்தில் உறுதிசெய்துகொண்டு, மனுவை விளையாட்டுப் பிரிவுக்கு அனுப்பினார். சரிதானே? விளையாட்டில்தான் நேரத்தைக் குறைப்பார்கள். சாலைப் பிரிவில் யாரும் எதற்கும் நேரத்தைக் குறைத்ததாக வரலாறு கிடையாது.

ஒரே வாரத்தில் ‘மலைச் சைக்கிள் தனிநபர் நேர மேம்பாட்டுச் சமிதி’ உதயமாயிற்று. தலைவர், எருத்தேன்பதியிலிருந்து வந்து முக்கில் ரிசார்ட் கட்டியிருந்த பூபதிராஜா. பயிற்சியாளர், கோவையில் படித்த கிருத்திகா. லோகேஷுக்குச் சைக்கிள் வந்தது, ஹெல்மெட் வந்தது, நாடி பிடிக்கும் வாட்ச் வந்தது. சாலையைத் தவிர எல்லாம் வந்தது.

"மேடம், வழியில பாறை கெடக்கு. அதைப் பேத்துட்டா ஜீப்பே மேல வந்துரும்."

"ஐயோ, அது பாறையில்லைங்க லோகேஷ். ‘டெக்னிக்கல் ஃபீச்சர்’! பாறை உங்க மனசுலதான் இருக்குது."

லோகேஷ் அதில் ஏறி விழுந்து பார்த்தான். வீங்கிய இடத்தை வைத்துப் பார்த்தால், மனசு முழங்காலில் இருப்பது தெரிந்தது.

ஆனாலும் நேரம் குறைந்தது. நேற்றைய லோகேஷை இன்றைய லோகேஷ் ஜெயித்தான். அவனை மறுநாள் லோகேஷ் மண்ணைக் கவ்வவைத்தான், தானும் கவ்வினான். ‘பர்சனல் பெஸ்ட்’ என்று கிருத்திகா கைதட்டினாள். உச்சியிலிருந்து முக்குவரை சைக்கிள் போட்டி என்று சமிதி நாளும் குறித்துவிட்டது.

"நான் இறங்கிருவேன் மேடம். இவளை எப்பிடி இறக்க?"

கிருத்திகா இந்துவை மேலும் கீழும் பார்த்தாள். "எக்ஸ்ட்ரா லோடு. ரேசுக்கு முன்னாடி குறைச்சிரணுங்க."

"குறையும் தாயி. குறையுற அன்னைக்குத்தான் ஜீப்பு வேணுங்கேன்" என்றாள் இந்து.

பொறுத்துப் பார்த்த லோகேஷ், பக்கத்து வீட்டுப் பெரியமுத்துவைக் கூட்டிக்கொண்டு பாதையின் பெரிய குழியை மண்போட்டு மூடினான். மறுநாளே ஜேசிபி வந்துவிட்டது. ஜீப் ஏறாத மலையில் ஜேசிபி ஏறியது! சமிதி மனசு வைத்தால் நடக்காதது உண்டா? குழியைப் பழைய ஆழத்துக்கே தோண்டி, ‘பாரம்பரியக் குழி’ என்று பலகையும் நட்டார்கள்.

பூபதிராஜா கண்கலங்கினார். "ஏனுங்க லோகேஷு, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே! வெளிநாட்டுக்காரன் இந்தக் குழிக்காகத்தானுங்க நம்மகிட்ட ரூம் போடறான்."

போட்டி நாள். கொடி அசையப்போகிற சமயம் பார்த்து இந்துவுக்கு வலி கண்டது.

லோகேஷ் சைக்கிளை அப்படியே போட்டான். மூங்கில் கம்பில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி அவளைக் கிடத்தினான். முன்னால் பெரியமுத்து, பின்னால் அவன். பாதையில் கால் வைத்ததும் சமிதித் தொண்டர் ஒருவர் பாய்ந்து மறித்தார்.

"நம்பர் இல்லாம ட்ராக்குல இறங்கக் கூடாது!"

"பிள்ளைத்தாச்சிய்யா!"

"எந்தப் பிரிவா இருந்தாலும் நம்பர் வேணும்."

கம்பளியில் ஒரு நம்பரைக் குத்தியபிறகே விட்டார்.

ஓடினார்கள். முதுகுக்குப் பின்னால் சைக்கிள்கள் இரைந்தன. பாறை. தாண்டியாயிற்று. பாரம்பரியக் குழி. பெரியமுத்துவின் கால் வழுக்கியது. கம்பு சரிந்தது. இந்து வீறிட்டாள். லோகேஷ் மண்டியிட்டுத் தோளை முட்டுக்கொடுத்தான். எழுந்தான். பின்னால் வந்த சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் குழிக்குள் போய்ப் பாரம்பரியத்தைக் காப்பாற்றின.

முக்கில் ரிப்பனை அறுத்துக்கொண்டு கம்பளி முதலாவதாக வந்தது.

"ரெக்கார்டு!" கிருத்திகா துள்ளினாள். "சைக்கிளே இல்லாம பர்சனல் பெஸ்ட்!"

மேடையிலிருந்த அதாலத்து அதிகாரி, அங்கேயே லோகேஷின் மனுவில் ‘தீர்வு காணப்பட்டது’ என்று முத்திரை குத்தினார். நேரம் குறைந்துவிட்டதல்லவா?

இந்துவை ஜீப்பில் ஏற்றினார்கள். எஞ்சின் உறுமியது. முன்னால் நின்ற பூபதிராஜாவோ விடவில்லை. சுற்றிவந்து மைக்கை உள்ளே நீட்டினார்.

"அம்மிணி, உங்களுக்காக இத்தனை பாடுபட்ட சமிதியைப் பத்தி ரண்டே ரண்டு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க."

இந்து பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கைப் பிடுங்கினாள். மலை முழுக்கக் கேட்டது.

"ரோடு கேட்டோம். ‘ஓடு’ன்னுட்டீங்க!"